டென்டல் ஹைஜினிஸ்ட் வேலையில் சட்டப் பொறுப்பும் நெறியும்: சேரும் முன்பிருந்து புகார் வரும் நாள் வரை

டென்டல் ஹைஜினிஸ்ட் (பல்லைச் சுத்தம் செய்து, வாய்ச் சுகாதாரம் சொல்லிக்கொடுப்பவர்) டிப்ளமா முடித்துக் கிளினிக்கில் சேரப்போகிறவர்களுக்காகவும், சேர்ந்து ஒரு வருடம் ஆகாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கிளினிக்குகளை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். இங்கே சொல்லும் சட்டங்களில் பெரும்பாலானவை மத்தியச் சட்டங்கள் என்பதால் வேறு மாநிலங்களில் வேலை பார்ப்பவர்களுக்கும் பொருந்தும்.

புதியவர்களைப் பக்கத்தில் நிறுத்தி வேலை காட்டிக்கொடுத்ததில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்று. கைவேலையில் யாரும் நீண்ட நாள் தடுமாறுவதில்லை. வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். கீழ் முன்பற்களில் கல் (பல்லில் இறுகிப் படிந்த காரை) எடுத்து முடித்து, ரத்தம் நிற்காமல் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, "ஐயா, ஹார்ட்டுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்பார்கள். கேள்வி சரி, கேட்ட நேரம் தப்பு. கெட்ட எண்ணத்தோடு விதியை மீறுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்து மாட்டிக்கொள்கிறவர்களையே பார்த்திருக்கிறேன். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. பதிவு எண் வந்தபிறகே நோயாளியின் வாயில் கை வையுங்கள்

1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம் டென்டல் ஹைஜினிஸ்டுக்குத் தனி விளக்கமும் தனிப் பதிவேடும் வைத்திருக்கிறது. அதன் 49-ஆவது பிரிவு, பதிவு இல்லாதவர் பணம் வாங்கிக்கொண்டு பல் சுத்தம் செய்வதையும் கல் எடுப்பதையும் (ஸ்கேலிங்) குற்றம் என்கிறது. தமிழ்நாட்டில் பதிவு செய்வது மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில்.

இந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வருவதற்காக 2023-ல் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. ஆகவே சீனியர் சொன்ன நடைமுறையை நம்பிப் போகாமல், நீங்கள் விண்ணப்பிக்கும் நேரத்தில் என்ன படிவம், எவ்வளவு கட்டணம், எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதைக் கவுன்சிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு இது: "ரிசல்ட் வந்துடுச்சு, நம்பர் ரெண்டு மாசத்துல வந்துடும், டாக்டர்தான் கூட இருக்காரே" என்று வேலையைத் தொடங்கிவிடுவது. டாக்டர் கூட இருப்பது பதிவுக்கு ஈடாகாது. அந்த இரண்டு மாதத்தில் ஒரு நோயாளிக்கு ஈறு கிழிந்து, அவர் புகார் கொடுத்தார் என்று வையுங்கள். காயம் எவ்வளவு சிறியது என்பதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பதிவில்லாதவர் ஏன் செய்தார் என்பதே முதல் கேள்வியாக இருக்கும். எண் வரும்வரை வரவேற்பு, கருவிச் சுத்தம், பொம்மைப் பல்வரிசையில் பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி என்று இருங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நீங்கள் பதிவு பெற்ற ஹைஜினிஸ்ட் ஆனபிறகு, "நம்ம அசிஸ்டெண்டுக்கும் ஸ்கேலிங் சொல்லிக்குடுத்துடு, நீ லீவு போட்டா உதவும்" என்று ஒரு நாள் கேட்பார்கள். நேரே முடியாது என்று சொல்லுங்கள். பதிவில்லாத ஒருவரைக் குற்றத்தில் இறக்கிவிடுவது நீங்களாக ஆகிவிடும்.

சேரும் முன் கிளினிக் சுவரையும் ஒருமுறை பாருங்கள். தமிழ்நாடு மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பல் கிளினிக்குகளும் பதிவு பெற வேண்டும். எக்ஸ்ரே கருவி இருந்தால் அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவும் வேண்டும். இவை இல்லாத இடத்தில் உங்கள் தனிப்பட்ட ஒழுக்கம் மட்டும் உங்களைக் காப்பாற்றாது.

2. உங்கள் எல்லையை எழுத்தில் வாங்குங்கள்

சட்டம் ஹைஜினிஸ்டுக்குத் தரும் வேலை குறுகியது, தெளிவானது: கல் எடுப்பது, சுத்தம் செய்வது, பாலிஷ் செய்வது, வாய்ச் சுகாதாரம் பற்றிச் சொல்லிக்கொடுப்பது. நோய் இன்னதென்று முடிவு செய்வது, மரத்துப்போக ஊசி போடுவது, பல் அடைப்பது, பல் எடுப்பது, மாத்திரை எழுதிக்கொடுப்பது எதுவும் அதில் இல்லை. வெளிநாடுகளில் சில இடங்களில் ஹைஜினிஸ்டுகள் ஊசி போடுகிறார்கள் என்பது உண்மை. அது அந்த நாட்டு உரிமம். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே செய்ய முடியாது.

சேரும்போதே டாக்டரிடம் ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: நான் என்னென்ன செய்வேன், எதை டாக்டர் பார்த்தபிறகே செய்வேன், டாக்டர் இல்லாத நேரத்தில் எதைச் செய்ய மாட்டேன். கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் முதல் வாரத்தில் கேட்பது எளிது. ஆறு மாதம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஏழாவது மாதம் மறுத்தால், உறவே கெட்டுப்போகும்.

எல்லை மீறல் பெரும்பாலும் ஊசியில் தொடங்குவதில்லை, பெயரில் தொடங்குகிறது. நோயாளிகள் நம்மை "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைக் கோட்டும் மாஸ்க்கும் போட்டு வாய்க்குள் பார்க்கிறவர் வேறு யாராக இருக்க முடியும் என்பது அவர்கள் எண்ணம். ஒருமுறை வயதான அம்மா ஒருவர், சேரில் சாய்ந்தபடியே கேட்டார்: "டாக்டரம்மா, இந்தக் கடவாய்ப்பல் ஆடுது, எடுத்துடலாமா, இன்னும் கொஞ்ச நாள் தாங்குமா?" பக்கத்தில் நின்ற புதிய பெண் சட்டென்று, "எடுத்துடலாம்மா, இது தேறாது" என்று சொல்லிவிட்டாள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தவறு. டாக்டர் என்ற பெயரை மறுக்கவில்லை, டாக்டரின் முடிவையும் தானே சொல்லிவிட்டாள்.

இப்படிச் சொல்லப் பழகுங்கள்: "நான் டாக்டர் இல்லைங்கம்மா, பல் சுத்தம் பண்ற ஹைஜினிஸ்ட். பல்லு ஆடுறதை நான் குறிச்சு வெச்சிருக்கேன். டாக்டர் வந்ததும் நீங்களே கேளுங்க, நானும் சொல்றேன்." பெயர் அட்டையிலும் அதே சொல் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டுமா என்று கேட்பார்கள். முதல் சந்திப்பில் ஒருமுறை தெளிவாகச் சொன்னால் போதும். ஆனால் சிகிச்சை பற்றிய கேள்வி வந்தால் மறுபடியும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் அவர் உங்கள் பதிலை நம்பி முடிவெடுக்கப்போகிறார்.

3. உங்கள் உடம்புக்கான ஏற்பாடு

இதை நெறியோடு சேர்த்து யோசிக்க மாட்டார்கள். நாள் முழுக்க ரத்தம் கலந்த எச்சில் தெறிக்கும் வேலை இது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். மூன்றாவது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை செய்து ஆன்டிபாடி அளவு 10-க்கு மேல் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலர் மூன்றாவது ஊசியை மறந்துவிடுகிறார்கள், பரிசோதனையைக் கிட்டத்தட்ட எல்லாரும் மறக்கிறார்கள்.

2016-ஆம் ஆண்டின் உயிர் மருத்துவக் கழிவு விதிகள், கழிவைக் கையாளும் ஊழியர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டிய பொறுப்பைக் கிளினிக்கின் மேல் வைக்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனையும் பயிற்சியும் தரச் சொல்கின்றன. கேட்டு வாங்குங்கள். கிளினிக் எடுத்திருக்கும் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டில் ஊழியர்களும் அடக்கமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

4. உடல்நல விவரம்: சேர் சாய்வதற்கு முன்

இந்தக் கட்டத்துக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நடைமுறையில் இதற்குத்தான் எல்லாரும் குறைவாகக் கொடுக்கிறார்கள். ஐந்து நிமிடம் போதும், ஆனால் அந்த ஐந்து நிமிடம் நோயாளி உட்கார்ந்த நிலையில், மாஸ்க் இல்லாமல், முகம் பார்த்துக் கேட்பதாக இருக்க வேண்டும். சாய்த்துப் படுக்கவைத்து வாயைத் திறக்கச் சொன்னபிறகு கேட்டால் தலையாட்டல்தான் பதிலாக வரும்.

"ஏதாவது நோய் இருக்கா?" என்று கேட்காதீர்கள். "இல்லை" என்பார்கள். பத்து வருடமாக சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கூட, கட்டுப்பாட்டில் இருப்பதால் அதை நோயாக நினைப்பதில்லை. மாத்திரையைக் கேளுங்கள்: "காலையில என்ன மாத்திரை போட்டீங்க? சீட்டு இருக்கா? இல்லைன்னா வீட்டுக்கு போன் போட்டு அட்டையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க." ஆபரேஷனையும் தனியாகக் கேளுங்கள். "நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணியிருக்காங்களா, வால்வு வெச்சிருக்காங்களா, பேஸ்மேக்கர் இருக்கா?"

ஒவ்வொன்றையும் ஏன் கேட்கிறோம் என்பது தெரிந்தால் மறக்காது.

செயற்கை வால்வு வைத்தவர்களுக்கும், முன்பு இதய உட்சுவர் தொற்று வந்தவர்களுக்கும் கல் எடுக்கும்போது ரத்தத்தில் கலக்கும் கிருமி ஆபத்தானது. அவர்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். வழக்கமாகச் செய்வது, வேலை தொடங்க 30 முதல் 60 நிமிடத்துக்கு முன் ஒரே தவணை. அதை முடிவு செய்து எழுதிக்கொடுப்பது டாக்டர். நாம் செய்ய வேண்டியது, அவர் சொல்லும்வரை கருவியைத் தொடாமல் இருப்பது.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரிடம், "நாளைக்கு வரும்போது அந்த மாத்திரையை நிறுத்திட்டு வாங்க" என்று சொல்லும் புதியவர்களைப் பார்த்திருக்கிறேன். இது மிகப் பெரிய தவறு. ஸ்டென்ட் வைத்தவர் மாத்திரையை நிறுத்தினால் அடைப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஈறில் வரும் ரத்தத்தை அழுத்திப் பிடித்து நிறுத்த முடியும். மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பது இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேச வேண்டிய விஷயம்.

பேஸ்மேக்கர் இருந்தால், உங்கள் அல்ட்ராசோனிக் ஸ்கேலர் (அதிர்வால் கல் எடுக்கும் கருவி) காந்த வகையா பீசோ வகையா என்று பார்க்க வேண்டும். காந்த வகையைத் தவிர்த்துவிட்டுக் கையால் செய்யுங்கள். பிரஷரை அளந்து எழுதுங்கள். 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் சுத்தம் செய்யும் வேலையைத் தள்ளிவைத்து, டாக்டரிடம் சொல்லிப் பொது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கல் எடுக்கக் கூடாது என்று ஒரு பயம் ஊரில் இருக்கிறது. தாராளமாக எடுக்கலாம், நான்கிலிருந்து ஆறாவது மாதம் வசதியான காலம். மல்லாந்து படுக்கவைக்காமல் இடப்பக்கமாகச் சற்றுச் சாய்த்து வையுங்கள்.

முன்பு வந்தவர்தானே என்று இந்தக் கட்டத்தைத் தாண்டாதீர்கள். ஆறு மாதத்தில் ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்திருப்பார்கள்.

5. டாக்டர் முதலில் பார்க்கட்டும்

ஈறு வீக்கம் கல்லால் வந்ததா, வேறு நோயால் வந்ததா என்பதை முடிவு செய்வது டாக்டர். அவர் பார்த்து, கேஸ் ஷீட்டில் "ஸ்கேலிங்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபிறகே தொடங்குங்கள். நீங்கள் பிரோப் (ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழம் பார்க்கும் மெல்லிய கருவி) வைத்து அளந்த ஆழத்தையும், ஆடும் பற்களையும் அதே ஷீட்டில் எழுதித் தரலாம்.

டாக்டர் வேறு கிளையில் இருந்துகொண்டு, "நீ பண்ணிடும்மா, நான் வந்து கையெழுத்துப் போடறேன்" என்று போனில் சொல்வது வழக்கமாகிவிட்ட இடங்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். அவர் பார்க்காத வாயை அவர் பார்த்ததாக எழுதப்போகிறார். பிறகு எதுவும் நடந்தால், செய்தவர் என்று காகிதத்தில் இருப்பது உங்கள் பெயர்.

6. சம்மதம்: சொல்லி, புரியவைத்து, அப்புறம் கையெழுத்து

பெரும்பாலான கிளினிக்குகளில் வரவேற்பு மேசையிலேயே ஒரு ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அது சம்மதம் ஆகாது. என்ன செய்யப்போகிறோம், ஏன், செய்யாவிட்டால் என்ன ஆகும், செய்தபின் என்ன தொந்தரவு வரலாம், எவ்வளவு செலவு என்பதை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொன்னபிறகு அவர் சரி என்று சொல்வதே சம்மதம். கையெழுத்து அதற்குச் சாட்சி.

ஸ்கேலிங்கில் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று உண்டு. நிறையக் கல் படிந்த வாயில், கல்லை எடுத்தபிறகு பல் கூசும், பல்லுக்கு நடுவில் இடைவெளி தெரியும், சில பற்கள் முன்பைவிட ஆடுவது போல இருக்கும். எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருக்கும், கல்தான் பற்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கும். "கல் எடுத்தா பல் ஆட்டம் கண்டுடும்" என்று ஊரெல்லாம் சொல்வதன் வேர் இதுதான். முன்னாலேயே கண்ணாடியைக் கையில் கொடுத்து, ஈறு எங்கே இறங்கியிருக்கிறது என்று காட்டிச் சொன்னால் நோயாளி ஏற்றுக்கொள்வார். எடுத்தபிறகு சொன்னால் அதே வார்த்தைகள் சாக்குப்போக்காகத் தெரியும். எனக்குத் தெரிந்து ஸ்கேலிங் சண்டைகளில் பெரும்பகுதி இந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டதால் வந்தவை.

ஒரு வேலைக்குத் தந்த சம்மதம் இன்னொரு வேலைக்கு ஆகாது. 2008-ல் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. பரிசோதனைக்குச் சம்மதித்த பெண்ணுக்கு, உயிருக்கு அவசரம் இல்லாத நிலையில், கேட்காமல் அறுவை சிகிச்சை செய்தது தவறு என்றது. நம் வேலையில் இதன் பொருள், ஸ்கேலிங்குக்கு வந்தவருக்குக் கேட்காமல் ஃப்ளூரைடு பூசிப் பில்லில் சேர்க்க முடியாது என்பதே.

18 வயதுக்குக் கீழே என்றால் அப்பா அல்லது அம்மாவின் சம்மதம் வாங்குங்கள். பள்ளி விட்டதும் குழந்தையைக் கூட்டிவருவது பாட்டியாக இருக்கும், பக்கத்து வீட்டு அக்காவாகவும் இருக்கலாம். திருப்பி அனுப்பத் தேவையில்லை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ போன் போட்டு, ஸ்பீக்கரில் விளக்கிச் சொல்லி, யாரிடம் எத்தனை மணிக்குப் பேசினோம் என்று எழுதிவைத்து, அடுத்த முறை வரும்போது கையெழுத்து வாங்குங்கள். குழந்தையிடமும் கேளுங்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்பதற்காக அழும் குழந்தையின் கையைப் பிடித்து அமுக்கிக் கல் எடுக்க எந்த அவசரமும் இல்லை.

நோயாளி வேண்டாம் என்று சொன்னால்? அது அவர் உரிமை. ஏன் தேவை என்று ஒருமுறை சொல்லி, "விளக்கினேன், இப்போது வேண்டாம் என்றார்" என்று எழுதி டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பயமுறுத்தாதீர்கள்.

7. கருவி சுத்தம்

ஸ்கேலர் முனை ஒவ்வொரு நோயாளிக்கும் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவி) வந்ததாக இருக்க வேண்டும். ஸ்பிரிட்டில் துடைத்த முனை சுத்தமான முனை ஆகாது. கூட்டம் அதிகமான மாலையில் இருக்கிற நான்கு முனைகளையே துடைத்துத் துடைத்துப் பயன்படுத்தும் பழக்கம் பிறந்துவிடுகிறது. முனை பத்தவில்லை என்றால் நோயாளி எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது வாங்கித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

பையின் மேலே நிறம் மாறும் டேப், வெப்பம் பட்டது என்பதை மட்டும் காட்டும். கிருமி உண்மையில் செத்ததா என்பதை அறிய வாரம் ஒருமுறை ஸ்போர் (வெப்பத்தைத் தாங்கும் கிருமி வித்து) பரிசோதனை வேண்டும். தேதியும் முடிவும் ஒரு நோட்டில் இருக்கட்டும். அடுத்த நோயாளிக்கு முன் தண்ணீர்க் குழாயை 20 முதல் 30 வினாடி ஓடவிடுங்கள். பையை நோயாளியின் கண்முன்னால் பிரியுங்கள். அவர் நம்பிக்கை அங்கே பிறக்கும்.

8. எச்.ஐ.வி. இருக்கிறது என்று ஒருவர் சொன்னால்

அவர் நம்மை நம்பிச் சொல்லியிருக்கிறார், இதுதான் முதலில் நினைவில் இருக்க வேண்டும். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், அவருக்குச் சிகிச்சையை மறுப்பதையும் வேறுபாடு காட்டுவதையும் தடை செய்கிறது. அவர் சம்மதமின்றி அந்த விவரத்தை வெளியே சொல்வதையும் அது தடை செய்கிறது.

தவறுகள் சின்னச் சின்னதாக நடக்கும். கேஸ் ஷீட்டின் மேல் அட்டையில் சிவப்பு மையில் எழுதுவது. வரவேற்பில் இருப்பவரிடம் கண்ஜாடை காட்டுவது. "மெஷின் ரிப்பேர், அடுத்த வாரம் வாங்க" என்பது. அவருக்கு மட்டும் இரட்டைக் கையுறை போடுவது. தன் நிலை தெரியாதவர்களும் தினமும் நம் சேரில் உட்காருகிறார்கள். அதனால் எல்லாருக்கும் ஒரே பாதுகாப்பு என்பதே சரியான முறை. டாக்டருக்குத் தெரிய வேண்டும் என்றால் நோயாளியிடம் சொல்லிவிட்டுத் தனியாகச் சொல்லுங்கள்.

9. வேலையின் நடுவே கண்ணில் படுபவை

கதவை முழுதாகச் சாத்தாதீர்கள், தனியாக இருக்காதீர்கள். நோயாளி கை தூக்கினால் நிறுத்துங்கள், இதைத் தொடங்கும் முன்பே சொல்லிவையுங்கள்.

நோயாளியின் வாய் முழுவதையும் நிதானமாகப் பார்ப்பது பல நேரம் நாம்தான். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களின் கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு, நாக்கோரத்தில் இரண்டு வாரமாக ஆறாத புண், வாய் முழுசாகத் திறக்க வராதது இவற்றைப் பார்த்தால் அன்றே டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். "கேன்சர் மாதிரி இருக்கு" என்று நாம் சொல்லக் கூடாது. "ஒண்ணும் இல்லை" என்றும் சொல்லக் கூடாது. இரண்டும் நம் எல்லைக்கு வெளியே. "இந்த இடத்தை டாக்டர் பார்க்கணும்" என்பதுதான் நம் வாக்கியம்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். காரணம் சொல்ல முடியாத காயம், மேலண்ணத்தில் ரத்தப் புள்ளிகள், ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் பொருந்தாமல் இருப்பது இவற்றை எழுதிவைத்து டாக்டரிடம் பேசுங்கள். பாலியல் கொடுமை நடந்திருக்கிறது என்று தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்வது ஒவ்வொருவர் மேலும் உள்ள கடமை. சொல்லாமல் இருப்பது தண்டனைக்குரியது. டாக்டர் "நமக்கெதுக்கு வம்பு" என்று சொன்னாலும் உங்கள் கடமை முடிந்துவிடாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. குழந்தையை நீங்களே குறுக்கு விசாரணை செய்யாதீர்கள்.

10. கிளவுஸ் கழற்றியதும் எழுதுங்கள்

மாலையில் மொத்தமாக உட்கார்ந்து எழுதினால், நாலாவது நோயாளியின் ரத்தக்கசிவு ஆறாவது நோயாளியின் ஷீட்டுக்குப் போய்விடும். ஒரு நோயாளி எழுந்ததும், அடுத்தவர் உட்காரும் முன் எழுதுங்கள்.

நல்ல பதிவு இப்படி இருக்கும்: "காலை 11.20. மருந்து விவரம் மறுபடி கேட்டேன், சுகர் மாத்திரை மட்டும். பிரஷர் 138/86. டாக்டர் பார்த்து ஸ்கேலிங் எழுதினார். கூச்சம், இடைவெளி பற்றித் தமிழில் விளக்கி, கண்ணாடியில் காட்டினேன். சம்மதித்தார். மேல், கீழ் இரண்டும் அல்ட்ராசோனிக் ஸ்கேலிங். கீழ் முன்பல் ஈறில் ரத்தம், அழுத்தியதும் 3 நிமிடத்தில் நின்றது. வலது கீழ்க் கடவாய்ப்பல் ஆடுவது டாக்டரிடம் சொன்னேன். மூன்று மாதத்தில் வரச் சொன்னேன்." கீழே பெயர், பதிவு எண். இந்த ஒரு பத்தியில் மேலே சொன்ன பல கட்டங்களுக்கும் சான்று இருக்கிறது. "ஸ்கேலிங் முடிந்தது" என்ற இரண்டு வார்த்தைகளில் எதற்குமே சான்று இல்லை.

தப்பாக எழுதிவிட்டால் ஒயிட்னர் பூசாதீர்கள். ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியும் சுருக்கொப்பமும் போடுங்கள். அடித்தது படிக்க முடிய வேண்டும். பல் மருத்துவர்களின் நெறிமுறை விதிகளின்படி பதிவுகளைக் குறைந்தது 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். குழந்தைகளுடையதை அதற்கு மேலும் வைத்திருப்பது நல்லது.

வாய்க்குள் எடுத்த படங்கள் உங்கள் சொந்த போனில் இருக்கக் கூடாது. பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் "எவ்வளவு கல் பாருங்க" என்று போடுவது ரகசியக் காப்பை மீறுவதுதான், முகம் தெரியாவிட்டாலும். சின்ன ஊரில் ஒரு தங்கப் பல்லை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

11. கருவி குத்திவிட்டால்

குத்திய இடத்தைப் பிதுக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உடனே டாக்டரிடம் சொல்லி, அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்துக்கோ போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். நோயாளியின் ரத்தத்தைப் பரிசோதிக்க அவர் சம்மதம் வேண்டும். வேறு காரணம் சொல்லி எடுக்கக் கூடாது. நேரம், கருவி, எந்த விரல் என்று விபத்துப் பதிவேட்டில் எழுதுங்கள்.

திட்டு விழும் என்று பயந்து பிளாஸ்டர் ஒட்டி மேலே கையுறை போட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

12. கழிவு

ரத்தம் பட்ட பஞ்சும் பல்லும் மஞ்சள். கையுறை, சக்ஷன் குழாய் சிவப்பு. ஊசி, கூரானவை வெள்ளைக் குத்துப்படாத டப்பா. கண்ணாடி நீலம். 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மாலையில் துப்புரவு அக்கா வந்து கையால் பிரிக்கும்படி விடாதீர்கள், போடும்போதே பிரித்துப் போடுங்கள். நம் அலட்சியம் அவர் விரலில்தான் குத்தும்.

13. மேலிடத்தில் இருந்து தவறான உத்தரவு வந்தால்

மாதத்துக்கு இத்தனை பேருக்குப் பல் வெளுப்பு சேர்க்க வேண்டும் என்று இலக்கு வைப்பார்கள், ஆளுக்கு இவ்வளவு கமிஷன் என்பார்கள். ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஒருவருக்கு இப்போது தேவை ஸ்கேலிங்கும் பிரஷ் பிடிக்கும் பயிற்சியும்தான். தேவையில்லாததை விற்கும்போது, அவர் நம் மேல் வைத்த நம்பிக்கையைப் பணமாக்குகிறோம்.

மறுக்கும்போது சண்டை போடத் தேவையில்லை. நோயாளி முன்னால் வாதாடவே வேண்டாம். தனியாக, "சார், இதை நான் செஞ்சா என் ரெஜிஸ்ட்ரேஷனுக்குப் பிரச்சினை வரும், கிளினிக் பேருக்கும் வரும். இதுக்குப் பதிலா இப்படிப் பண்ணலாமா?" என்று மாற்றுவழியோடு கேளுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் கேட்பார்கள். கேட்காதபோது அதே வேண்டுகோளை மெசேஜில் அனுப்பிவையுங்கள். அதுவும் பயன்படாவிட்டால் வேறு இடம் தேடுங்கள். வேலை மறுபடி கிடைக்கும், பதிவேட்டிலிருந்து நீக்கிய பெயர் எளிதில் திரும்ப வராது.

14. தவறு நடந்துவிட்டால், புகார் வந்தால்

ஈறு கிழிந்தது, பழைய அடைப்பு பெயர்ந்து வந்தது, உதட்டில் முனை பட்டது. யாருக்கும் நடக்கும். நிறுத்துங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள், நோயாளியிடம் அப்போதே சொல்லுங்கள், எழுதுங்கள். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் தானாகக் கண்டுபிடிப்பவருக்கு வரும் கோபம் காயத்தால் வருவதில்லை, மறைத்ததால் வருவது.

1995-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, கட்டணம் வாங்கும் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் நோயாளி நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கவுன்சிலிலும் புகார் தரலாம்.

நோட்டீஸ் வந்த அன்று கேஸ் ஷீட்டைத் தொடாதீர்கள். ஒரு வார்த்தைகூடச் சேர்க்காதீர்கள், மை மாறியது தெரிந்துவிடும், உண்மையாக எழுதிய மற்ற வரிகளையும் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள். நகல் எடுத்துவைத்து, மூலத்தை டாக்டரிடம் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் நினைவில் இருப்பதைத் தனித்தாளில், அன்றைய தேதி போட்டு எழுதுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். நோயாளிக்குத் தனியாகப் போன் போட்டுச் சமாதானம் பேசப் போகாதீர்கள். அவர் மறுபடி கிளினிக்குக்கு வந்தால் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, டாக்டரைக் கூப்பிடுங்கள்.